அம்மாவின் நூற்றெட்டுத் தாரை

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று தியேட்டர் வாசலில் உட்கார்ந்தபடியே அம்மா வேண்டிக்கொண்டாள். "நல்லபடியா வெளியே வந்துட்டா, முக்திநாத்துல நூற்றெட்டுத் தாரையிலும் நனையறேன் பெருமாளே!" நேபாளத்துத் திவ்யதேசம், திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று தெரியுமே தவிர, 3,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் என்பது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்குப் பக்கத்து விமான நிலையமான ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபது நிமிடம்தான். பகல் ஏறினால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்பதால் காலையில்தான் பறப்பார்கள். எங்களுக்கு இரண்டு காலையும் மேகத்தில் போயிற்று. சரி என்று ஜீப்பில் ஏறி, இடுப்பொடியக் கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபௌவா வந்தோம். குதிரைக்காரர் பேசிய கூலி ஒன்று, மேலே போனதும் கேட்டது வேறு. பெருமாள் வாசலில் என்ன சண்டை என்று கொடுத்துத் தொலைத்தேன்.

கோயிலின் பின்னால் அரைவட்டமாக நூற்றெட்டு மாட்டுத்தலைக் குழாய்கள். தண்ணீர் சுடுகிறதா குளிர்கிறதா என்றே தெரியாத குளிர்ச்சி. பத்துகூடத் தாண்டவில்லை, அம்மாவுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. "போதும்மா, மீதிக்குத் தெளிச்சுக்கோ" என்கிறேன், கேட்கவில்லை. மேலே நகரவும் முடியாமல் நின்றாள்.

அப்போதுதான் அந்தப் பாட்டி வந்தாள். அந்த மலைப்பக்கத்து உடை, கழுத்தில் பவழம், கையில் ஜெபமாலை. ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு தாரையிலும் அவள் விரல் நனைத்துத் தலையில் தெளித்துக்கொள்வாள், அம்மா தலையை நீட்டுவாள். அவள் வாயில் "ஓம் மணி பத்மே ஹூம்", அம்மா வாயில் "நாராயணா". நடுவில் அம்மாவுக்கு எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. "எண்ண வேண்டாம்மா, அவர் எண்ணிப்பார்" என்று கத்தினேன். கடைசித் தாரையில் இருவரும் சின்னப் பெண்கள் மாதிரி சிரித்தார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது.

புடவை மாற்றிக்கொண்டு சந்நிதிக்குப் போனால், பாட்டி எங்களுக்கு முன்னால் விழுந்து வணங்கிக்கொண்டிருக்கிறாள். நம் ஸ்ரீமூர்த்திப் பெருமாள்தான் பாட்டி போன்ற பௌத்தர்களுக்குச் சென்ரெசிக், அதாவது கருணையே வடிவான போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர். செந்நிற உடையில் பௌத்தத் துறவியம்மா ஒருவர் விளக்கருகே நின்றிருந்தார். அம்மா பாசுரம் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. கைகூப்பியபடி அப்பா பேரை மட்டும் சொன்னாள், இரண்டு தடவை. நான் கேட்க நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. பெருமாளே, பெருமாளே என்றுதான் வந்தது.

வெளியே வந்ததும் அம்மா பாட்டியைத் தேடினாள். ஜ்வாலாமாயி கோயில்வரை போய்ப் பார்த்தோம். பாறைக்கடியில் நீலச்சுடர் எரிந்துகொண்டிருந்தது. பாட்டியைக் காணோம். "தாயார்தாண்டா, பெருமாளோட லக்ஷ்மிதான் வந்தது" என்றாள் அம்மா. நான் மறுத்துப் பேசவில்லை.