சிங்கப்பூர் பெர்மிட்: எந்தச் செலவு யாருடையது

பெர்மிட் என்ற வேலை அனுமதியில் சிங்கப்பூர் போக எவ்வளவு ஆகும் என்று பேராவூரணிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். இரண்டரை லட்சம் என்பார் ஒருவர், நாலுக்குக் குறையாது என்பார் இன்னொருவர். எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத்தான் ஆள் கிடைக்காது. நான் 2024-இல் போனபோது அதை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். கேட்டதெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நான் டைல்ஸ் வேலை. 2018 நவம்பரில் அடித்த கஜா புயல் எங்கள் தோப்பைப் படுக்கப் போட்டது. மறுபடி வைத்த கன்று காய்ப்புக்கு வருவதற்குள் கடன் வளர்ந்துவிடும் என்பதால் வெளிநாடு போக முடிவெடுத்தேன்.

முதலில் டெஸ்ட் அடிக்க வேண்டும். கட்டுமான வேலைக்கு இந்தியாவிலிருந்து போகிறவர்கள் சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் நடத்தும் திறன் தேர்வில் பாஸாக வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறையும் உண்டு. ஊரில் கண் பார்வைக்கு ஒட்டிப் பழகிய கை எனக்கு. அங்கே ஒவ்வொரு டைலுக்கும் ரசமட்டம் வைக்கிறார்கள். ஒட்டி முடித்த பிறகு நாலு மூலையிலும் தட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே கலவை நிரம்பாமல் இருந்தால் ‘டொக்’கென்று சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பயிற்சி மையத்தில் ஒரே சுவரில் ஒட்டி, பெயர்த்து, சுரண்டி, மறுபடி ஒட்டி விரல் நுனியெல்லாம் வெடித்தது. இதற்குக் கொடுத்த பணத்தில் எனக்கு வருத்தமில்லை. தொழில் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் ஏஜென்ட். முதலில் பார்த்தவர், ‘பாண்டு பணம் 5,000 வெள்ளி கட்டணும், லெவி கட்டணும், அதான் தம்பி இவ்வளவு ஆகுது’ என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டுமே கம்பெனியின் செலவு. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) அரசாங்கத்திடம் தரும் உத்தரவாதம்தான் பாண்டு, அதைத் தர வேண்டியது முதலாளி. வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்வதற்காக அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் லெவியும் அப்படித்தான். கட்டுமானத்தில் என்னைப் போல அடிப்படைத் திறன் உள்ள ஆளுக்கு மாதம் 900 வெள்ளி, உயர்திறன் ஆளுக்கு 500 வெள்ளி என்று கம்பெனி கட்டுகிறது. இவற்றைத் தொழிலாளியிடம் வசூலிப்பதும் சம்பளத்தில் பிடிப்பதும் அங்கே குற்றம். வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்பீட்டையும் முதலாளிதான் எடுக்க வேண்டும். வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ள அந்த அரசாங்கம் முதலாளிக்குப் போட்டிருக்கும் நிபந்தனைகள் இவை. நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் நம் தலையில் ஏறிவிடுகின்றன.

நம் நாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். யார் பதிவு பெற்றவர் என்று ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். நான் பார்த்தேன், அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு, ‘சிங்கப்பூருக்கு அதெல்லாம் வேணாம்’ என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். பத்தாவது பாஸாகாதவர்கள் குவைத், சவுதி, மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை, அவர் சொன்னதில் உண்மை அவ்வளவுதான். அதனால் திருச்சியில் விமானம் ஏறும்வரை நம் காகிதங்களை அரசுத் தரப்பில் யாரும் இப்படிச் சரிபார்ப்பதில்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவரை விட்டுவிட்டு, அங்கே சூப்பர்வைசராக இருக்கும் ஒரத்தநாட்டு அண்ணன் ஒருவர் மூலம் கம்பெனிக்கு விவரம் கொடுத்தேன். சிங்கப்பூரில் உள்ள ஏஜென்சி வழியாக விண்ணப்பம் போனது. அந்த ஏஜென்சி நம்மிடம் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. அதைக் கொடுத்தேன், ரசீதும் வாங்கினேன்.

ஐபிஏ வந்தது, அதாவது பெர்மிட்டுக்கு முன்னால் வரும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம். வாட்ஸ்அப்பில் வந்தது இங்கிலீஷில், அதுவும் முதல் பக்கம் மட்டும். தொழிலாளியின் தாய்மொழியிலும் அந்தக் கடிதத்தை, அவர் கிளம்புவதற்கு முன்னால் முதலாளி அனுப்ப வேண்டும் என்பது விதி. தமிழ்ப் பிரதி வேண்டும் என்றேன். ‘எல்லாம் ஒண்ணுதான்ப்பா’ என்று பதில் வந்தது. விடாமல் கேட்டதில் முழுக் கடிதமும் வந்தது. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருந்தன. வாய்ப்பேச்சில் நாளுக்கு 20 வெள்ளி. கடிதத்தில் கணக்குப் போட்டால் 18. அண்ணனிடம் கேட்டேன்.

‘ஆறு மாசத்துல ஏத்திருவாங்கடா.’

‘அதை எழுதித் தரச் சொல்லுங்கண்ணே.’

எழுதித் தரவில்லை. சரி, 18 என்றே வைத்து வட்டியைக் கணக்குப் போட்டேன். ஓ.டி. இருந்தால் சமாளிக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் அம்மாவின் செயினை அடகு வைத்தேன். ஐபிஏவில் போட்ட சம்பளத்தை நம் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல், மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்காமல் குறைக்க முடியாது. வாயால் சொன்ன இரண்டு வெள்ளிக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கடிதம் போலியா என்று சந்தேகம் இருந்தால் அமைச்சின் இணையதளத்தில் பாஸ்போர்ட் விவரம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

போய் இறங்கியபின் நடைமுறை சுருக்கம்தான். நேராக ஒரு மையத்தில் சில நாள் தங்கவைத்தார்கள். எக்ஸ்ரே, ரத்தம், தமிழிலேயே ஒரு நாள் வகுப்பு. இந்தச் செலவும் கம்பெனியுடையது. வகுப்பில் பாதிப் பேர் தூங்கினோம், ராத்திரி விமானத்தில் வந்த களைப்பு. ஆனால் சம்பளச் சீட்டைப் பற்றிச் சொன்னபோது விழித்திருந்தேன். அடிப்படை, ஓ.டி., பிடித்தம் என்று பிரித்த சீட்டை மாதாமாதம் தர வேண்டும். முதல் சீட்டையும் ஐபிஏவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆறு மாதம் கழித்து ஏறவில்லை, அது வேறு கதை.

இப்போது பெர்மிட் முடியப்போகிறது. கம்பெனி புதுப்பிக்கும் என்கிறார்கள். புதுப்பிக்காவிட்டாலும் உடனே ஊருக்கு ஓடி வந்து புதிதாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் வரை, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனி நமக்கு விண்ணப்பிக்கலாம். டார்மிட்டரியில் கேட்டுப் பார்த்தேன், என் அறையில் இது தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அண்ணனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கம்பெனி எவ்வளவு ஏற்றித் தருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.