கார்ட்டூன்தானே என்று உட்கார்ந்தோம்

ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். நான் முந்திக்கொண்டு பேயோவுல்ஃப் என்றேன். 2007இல் வந்த ஹாலிவுட் அனிமேஷன். மூலக்கவிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை அப்போதுதான் படித்து முடித்திருந்ததால் கை துறுதுறுவென்று இருந்தது.

"பேர்லயே பேய் இருக்கே மாப்பிள்ளை" என்றார் அத்தை.

"பேய் இல்ல அத்தை, காவியம்" என்று ஆரம்பித்தேன். ஆயிரம் வருஷப் பழைய ஆங்கிலம், 3,182 வரிகள், மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி, 1731இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் அதன் ஓரங்களும் கருகிவிட்டன என்று சொல்லிக்கொண்டே போனேன். எட்டாவது படிக்கும் மகன் ரிமோட்டைப் பிடுங்கி பிளே அமுக்கினான்.

கதை டென்மார்க்கில் நடக்கிறது. ஹ்ரோத்கார் என்ற ராஜா பெரிய மண்டபம் கட்டிக் குடியும் கூத்துமாக இருக்கிறார். அந்தச் சத்தம் பொறுக்காமல் கிரெண்டல் என்ற பூதம் வந்து ஆட்களைப் பிய்த்துப் போடுகிறது. அதைக் கொல்லக் கடல் தாண்டி வருகிற வீரன்தான் பேயோவுல்ஃப்.

பத்து நிமிஷம் ஆனதும் அத்தை கேட்டார். "ஏன் எல்லாரும் கொலு பொம்மை மாதிரி முழிக்கிறாங்க?" நடிகர்கள் உடம்பில் சென்சார் மாட்டி அசைவைப் பதிவு செய்து கணினியில் உருவாக்கிய படம் என்று விளக்கினேன். நாயகனாக நடித்தவர் அப்போது ஐம்பதை நெருங்கியவர். கணினி அவருக்குக் கட்டுமஸ்தான உடம்பைக் கொடுத்துவிட்டது. கண்ணுக்கு உயிர் கொடுக்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

அடுத்து வந்தது சண்டை. பூதத்திடம் ஆயுதம் இல்லை, எனக்கும் வேண்டாம் என்று கவசத்தையும் தலைச்சீராவையும் கழற்றி, வாளை ஏவலாளிடம் கொடுத்துவிட்டுப் படுப்பான் பேயோவுல்ஃப். கவிதையில் எனக்குப் பிடித்த இடம். படத்தில் கவசத்தோடு நிறுத்தவில்லை, அரைஞாண் கயிறுகூட மிச்சமில்லை. அப்புறம் சண்டை முழுக்க மெழுகுவர்த்தி, வாள் பிடி, யாரோ ஒருவன் தோள் என்று எதையாவது சரியான இடத்தில் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்றினார்கள். பூதம் என்ன ஆனது என்று எங்களில் யாருமே கவனிக்கவில்லை.

"பால் பொங்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று அத்தை எழுந்து போனார். அடுப்பே பற்றவைக்கவில்லை.

"கார்ட்டூன்னுதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்தபடி.

சண்டை ஓய்ந்து, கை பிய்ந்து, பூதம் செத்த பிறகு அத்தை திரும்பி வந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளை, அந்தப் பூதம் ராஜாவோட பிள்ளைதான்."

"அதெல்லாம் இல்ல அத்தை. ராஜாவுக்கு ரெண்டு பிள்ளைங்க, கவிதையில பேரே இருக்கு. பூதம் வேற வம்சம்."

"எல்லாரையும் பிய்ச்சுப் போட்டுச்சே, அவரை மட்டும் ஏன் தொடல? அந்த ராணியம்மா அவர்கிட்ட முகம் கொடுத்தே பேச மாட்டேங்குது. நீங்க வேணா பாருங்க."

பார்த்தேன். ராஜாவின் பிள்ளைதான். நான் படித்த 3,182 வரிகளை, இருபது வருஷமாக சீரியல் பார்த்துவரும் அத்தை பத்தே நிமிஷத்தில் தோற்கடித்துவிட்டார்.

கதையை மாற்றுவதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். வால்மீகியின் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குவான். கம்பன் அதை மாற்றி, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைத்தான். ஆனால் கம்பன் யார் யாருக்குப் பிறந்தவன் என்று துப்புத் துலக்கவில்லை.

அதற்குள் கிரெண்டலின் அம்மா வந்துவிட்டார். ஏஞ்சலினா ஜோலி. உடம்பெல்லாம் தங்கம் வழிய, தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறார். பாதத்திலேயே ஹை ஹீல்ஸ் முளைத்திருக்கிறது. மகன் கண்ணை என் மனைவியின் கை மூடிவிட்டது.

"பிள்ளை செத்து ஒரு நாள் ஆகல, சிங்காரிச்சுக்கிட்டு நிக்குதே!" என்றார் அத்தை. படத்தைப் பற்றி நான் கேட்ட ஆகச்சிறந்த விமர்சனம் அதுதான்.

பிறகு பல வருஷம் கழித்து டிராகன் வந்தது. அத்தை என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. அதுவும் பேயோவுல்ஃபின் பிள்ளைதான்.

ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே அத்தை கேட்டார். "நிஜக் கதையில அந்த அம்மா என்னதான் பண்றா?"

மகனின் பிய்ந்த கையை வெற்றிச் சின்னமாக மண்டபத்தில் வைத்திருப்பார்கள், அன்று ராத்திரியே அவள் தனியாக வந்து, ராஜாவின் உயிர்த்தோழனைத் தூக்கிக்கொண்டு, அந்தக் கையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றேன்.

தோசைக்கரண்டி அப்படியே நின்றது. "கையை எடுத்துட்டுப் போனாளா?"

"ஆமா அத்தை."

தோசை கருகும் வாசனை வந்த பிறகுதான் திருப்பிப் போட்டார்.

"நாளைக்கு எட்டரை சீரியலை நிறுத்திடறேன், மிச்சக் கதையையும் சொல்லுங்க" என்றார். "அந்த டிராகன் யாரு பிள்ளைன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க மாப்பிள்ளை."