மூன்றாவது டவுன், ஏழு யார்டு: ஒரு பேண்டு அம்மாவின் நோட்டு

மகன் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறான். அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு பிள்ளை பள்ளி பேண்டில் சேர்ந்துவிட்டால், ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும்வரை அந்த வீட்டின் வெள்ளிக்கிழமை இரவெல்லாம் ஃபுட்பால் மைதானத்துக்கு எழுதி வைத்த மாதிரி. அவனைக் கொண்டுபோய் விடுகிற எனக்கும் சேர்த்துத்தான்.

போன வருடம் முழுக்க எனக்கு ஒரே ஒரு உத்திதான். பேண்டு வாசித்தால் கைதட்டுவேன். நம் அணிக்கு நல்லது நடந்தால்தானே வாசிப்பார்கள்? ஏழெட்டு வாரம் இது அருமையாக ஓடியது. அப்புறம் ஒரு நாள், எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற பள்ளியின் பேண்டு வாசித்ததற்கு நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். சுற்றியிருந்த பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காரில் வரும்போது மகன் சொன்னான்: "அம்மா, புரியலைன்னா சும்மா உக்காந்திரு, ப்ளீஸ்."

சரி, கற்றுக்கொண்டுவிடலாம் என்று இந்த சீசனில் ஒரு நோட்டு போட்டேன். அதிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பெயர்த் தகராறு. ஊரில் அம்மாவிடம் ஃபோனில் "கால்பந்து பார்க்கப் போறோம்" என்றால் அவர் நினைப்பது வேறு ஆட்டம். இங்கே முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், கையால் எறிகிறார்கள், எப்போதாவதுதான் காலால் உதைக்கிறார்கள். கிரிட்அயர்ன் என்று இன்னொரு பெயரும் உண்டு. கறி சுடுகிற கம்பித் தட்டுக்குத்தான் அந்தப் பெயர். மைதானத்தில் ஐந்து யார்டுக்கு ஒரு கோடு போட்டு வைத்திருப்பதை மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. நூறு யார்டு நீளம், இரண்டு முனையிலும் பத்துப் பத்து யார்டு எண்ட் ஸோன், ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். இவ்வளவும் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆட்டம்தான் புரியவில்லை.

முதல் வாரம் நான் செய்த தப்பு, விதிகளை எல்லாம் படித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தது. மூன்று மாலை வீண். ஒவ்வொரு விதிக்கும் ஒரு விலக்கு, அந்த விலக்குக்கு ஒரு விலக்கு. நோட்டில் நாற்பது சொற்கள் எழுதினேன். மைதானத்தில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

வழி காட்டியது பக்கத்து வீட்டு அம்மா. எழுபது வயதுக்கு மேல். அப்பா இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். இவர் ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸ் ஆட்டம் என்றால் மஞ்சள் துண்டோடு சோஃபாவில் உட்கார்ந்துவிடுவார். அந்தத் துண்டுக்கு டெரிபிள் டவல் என்று பெயர். 1975-இல் இந்த ஊர் வானொலி வர்ணனையாளர் மைரன் கோப் கிளப்பிவிட்டது. கல்யாண வீட்டில் சுற்றுவது மாதிரி ஊரே அதைச் சுற்றும். அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "இதெல்லாம் அப்புறம். ரெண்டே ரெண்டு நம்பரை மட்டும் பாருங்க" என்றார்.

அந்த இரண்டு எண்கள்தான் ஆட்டமே. எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள், அதாவது நான்கு டவுன். அதற்குள் பத்து யார்டு முன்னே போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து நான்கு. போகாவிட்டால் பந்து மற்றவர்களுக்கு. "மூன்றாவது டவுன், ஏழு யார்டு" என்றால் இரண்டு முயற்சி போய்விட்டது, மூன்று யார்டுதான் தேறியிருக்கிறது என்று அர்த்தம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது கிரிக்கெட் அல்ல, கபடி. இத்தனை நாள் நான் கிரிக்கெட் கண்ணோடு பந்தையே துரத்திக்கொண்டிருந்தேன். அதுதான் கோளாறு. இது அடிப்படையில் எல்லைக்கோட்டு ஆட்டம். ஒவ்வொரு முறையும் ஒரு பாய்ச்சல், எதிராளி அமுக்கிவிட்டால் அந்தப் பாய்ச்சல் முடிந்தது. ப்ரோ கபடியில் இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது டூ ஆர் டை என்பார்களே, இங்கே மூன்றாவது டவுன் வந்தாலே கூட்டம் எழுந்து நிற்பது ஏறத்தாழ அதற்காகத்தான். மூன்றாவதிலும் தேறவில்லை என்றால் நான்காவதில் பெரும்பாலும் துணிய மாட்டார்கள். பந்தை எதிராளி எல்லைப் பக்கம் தூரமாக உதைத்துவிடுவார்கள். அதுதான் பன்ட். கையில் இருக்கும் பந்தை இவர்களே ஏன் உதைத்துத் தருகிறார்கள் என்று ஒரு வருடமாக எனக்கு இருந்த குழப்பம் அன்றைக்கு ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. எப்படியும் பந்து போகப் போகிறது, நம் வாசலில் போவதைவிட அவர்கள் வாசலில் போகட்டும் என்ற கணக்கு.

மூன்றாவது வாரம். டிவியில் இப்போது நன்றாகவே புரிகிறது, ஏனென்றால் பத்து யார்டு எங்கே முடிகிறதோ அங்கே புல்லில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. அந்தத் தெம்பில் வெள்ளிக்கிழமை பள்ளி மைதானத்துக்குப் போய் மஞ்சள் கோட்டைத் தேடினேன். வெள்ளைக் கோடுகள்தான் இருந்தன. பள்ளிக்கூடத்தில் பெயின்ட்டுக்குப் பணம் இல்லை போல என்று மகனிடம் சொல்லியும்விட்டேன். அவன் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

அந்தக் கோடு தரையிலேயே கிடையாது. டிவிக்காரர்கள் கணினியில் வரைவது. 1998-இல்தான் முதல் முறை காட்டியிருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் அதன் மேல் நடந்தாலும் கோடு அவர்கள் காலுக்கு அடியில் இருப்பது போல் வரையும் வித்தை அதில் இருக்கிறது. மைதானத்தில் இருப்பவர்களுக்கு உள்ள துணை, ஓரத்தில் இரண்டு கம்பங்களும் நடுவே சரியாகப் பத்து யார்டு சங்கிலியும். ஒருவர் இந்தக் கம்பம், ஒருவர் அந்தக் கம்பம். மூன்றாமவர் கையில் எத்தனையாவது டவுன் என்று எண் மாறும் தட்டி. சந்தேகம் வந்தால் சங்கிலியை உள்ளே தூக்கி வந்து இழுத்துப் பிடித்து அளப்பார்கள். பந்தின் மூக்கு ஒரு விரல் அளவு குறைந்தாலும் குறைந்ததுதான். நிலம் அளக்கும் சர்வேயர் சங்கிலியைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஸ்டீலர்ஸ் ஆடும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களில் 2025 முதல் இந்த அளவைக் கேமராக்களே எடுக்கின்றன, சங்கிலி மாற்று ஏற்பாடாக நிற்கிறது. எனக்குச் சங்கிலிதான் பிடித்திருக்கிறது. அதை இழுக்கும்போது இரண்டாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வது கேமராவில் வராது.

புள்ளிக் கணக்கு சுலபம். பந்தோடு எண்ட் ஸோனுக்குள் போனால் டச்டவுன், ஆறு. அதற்குப் பின் ஒரு சின்ன வாய்ப்பு: எண்ட் ஸோன் பக்கம் நிற்கும் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒன்று, மறுபடி ஓடியோ எறிந்தோ உள்ளே போனால் இரண்டு. டச்டவுன் கிட்டாது என்று தோன்றினால் அதே கம்பங்களுக்கு நடுவே ஃபீல்டு கோல் உதைக்கலாம், மூன்று. இன்னொன்று சேஃப்டி: பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனிலேயே மடக்கினால் மடக்கியவர்களுக்கு இரண்டு. "இது அபூர்வம்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. "இன்னும் பார்க்காதது" என்று தலைப்பிட்டு அதைத் தனியாக எழுதி வைத்தேன்.

ஒரு ஞாயிறு கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். பந்தை நடுவிலிருப்பவர் கால்களுக்கு இடையே பின்னால் தரும் ஸ்னாப்பிலிருந்து, ஆள் விழும்வரை. நான்கு விநாடி. ஆறு. ஐந்து. நான்கு. பிறகு அடுத்த ஸ்னாப்புக்கு நாற்பது விநாடிவரை நேரம். அறுபது நிமிட ஆட்டம் மூன்று மணி நேரம் இழுப்பதற்கு விளம்பரம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். முதலில் எனக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் பட்டது. இப்போது அந்த இடைவெளிதான் பிடித்த பகுதி. வட்டமாகக் குனிந்து நின்று ரகசியம் பேசுகிறார்களே, ஹடில், அது காது கேளாதோர் படிக்கும் காலடெட் பல்கலைக்கழகத்தில் 1890-களில் வந்தது என்று சொல்கிறார்கள். சைகையில் திட்டம் சொன்னால் எதிராளியும் படித்துவிடுவானே, அதை மறைக்கத்தான் வட்டம். நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் அந்த நாற்பது விநாடியில் பந்தயம் கட்டுவோம்: ஓடுவார்களா, எறிவார்களா?

பந்தயத்தில் நான் தொடர்ந்து தோற்றதால் அவர் ஒரு குறிப்பு தந்தார். பந்தைப் பார்க்காதே, முன்வரிசைக் குண்டர்களைப் பார். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள், ஆக ஐந்து பேர். முன்னால் எறியும் பந்தைப் பிடிக்க இவர்களுக்கு உரிமை இல்லை, பந்து எறியப்படும் முன் ஸ்னாப் ஆன இடத்துக் கோட்டைத் தாண்டி தூரம் போகவும் கூடாது. அதனால் ஸ்னாப் ஆனதும் அவர்கள் தலையைத் தாழ்த்தி முன்னால் முட்டினால் ஓட்டம். நிமிர்ந்து பின்னால் கால் வைத்தால் எறிதல், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு அவகாசம் வாங்கித் தருகிறார்கள். வேலி உடைந்து அவர் எறியும் முன்பே மடக்கப்பட்டால் அது சாக். அடுத்த வெள்ளி முப்பது ஸ்னாப்புக்கு ஓட்டமா எறிதலா என்று முன்கூட்டிச் சொல்லிப் பார்த்தேன், இருபத்தொன்று சரி. எந்த விதி படித்ததையும்விட அன்றைக்குத்தான் ஆட்டம் எனக்குத் திறந்தது. பந்து எங்கே என்று தேடுவதையே விட்டுவிட்டேன். ஐந்து முதுகுகள் சொல்லிவிடுகின்றன.

இந்த எறிதலே ஆரம்பத்தில் கிடையாதாம். முட்டி மோதி இளைஞர்கள் செத்துப்போன 1905-இல், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருடம் முன்னால் எறிவது அனுமதிக்கப்பட்டது. நான்காவது டவுன் வந்தது 1912-இல்.

பிடிப்பதில்தான் இன்னும் தடுமாறுகிறேன். பள்ளியிலும் கல்லூரியிலும் பந்தைப் பிடிக்கையில் ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும். என்எஃப்எல்-இல் இரண்டு காலும் பட வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பார்க்கிறவள் எந்த நாளுக்கு எந்தக் கால் என்று குழம்பாமல் என்ன செய்வாள்?

பிடிப்பது என்றதும் விமான நிலையச் சிலை. பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பக்கத்தில் குனிந்து நிற்கும் ஸ்டீலர்ஸ் ஆட்டக்காரர் ஃபிராங்கோ ஹாரிஸை ஒவ்வொரு பயணத்திலும் கடந்திருக்கிறேன். மாமனார், "இவர் என்ன, கீழே விழுந்ததைப் பொறுக்குகிறாரா?" என்று கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். 1972 டிசம்பர் 23, நான்காவது டவுன், ஓக்லண்ட் ரெய்டர்ஸிடம் தோற்க 22 விநாடி. எறிந்த பந்து மோதலில் தெறித்துத் தரையைத் தொடப் போன நேரத்தில் இவர் பாதத்தருகே அள்ளிக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டார். அன்றைய விதிப்படி, எறிந்த பந்து தன் அணியில் ஒருவர் மேல் பட்டு நேராக அதே அணியில் இன்னொருவர் கைக்கு வரக் கூடாது. எதிராளி மேல் பட்டதா இல்லையா என்று இன்றுவரை சண்டை. அந்த விதியையே 1978-இல் எடுத்துவிட்டார்கள். மாமனாருக்கு வாட்ஸ்அப்பில் இதை மூன்று நிமிட ஆடியோவாக அனுப்பினேன். "பொறுக்கத்தான் செய்திருக்கிறார்" என்று பதில் வந்தது.

மஞ்சள் கொடி விழுந்தால் தவறு. எந்தத் தவறு என்று நடுவர் கையால் சொல்வார், அதைப் படிக்க ஒரு வாரம் ஒதுக்கினேன். முன்கைகளை ஒன்றையொன்று சுற்றினால் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஸ்னாப்புக்கு முன்பே அசைந்துவிட்டார்கள், ஐந்து யார்டு பின்னால். ஒரு கையால் மறு மணிக்கட்டைப் பிடித்தால் ஹோல்டிங், ஆளை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், பத்து. இடுப்பில் இரு கை வைத்தால் ஆஃப்சைடு, ஸ்னாப்புக்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டார்கள். சேஃப்டிக்குச் சைகை என்ன என்று பார்த்தால், தலைக்கு மேல் இரு உள்ளங்கை சேர்த்த கும்பிடு! கோபுரம் கண்ட மாதிரி. அதை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அக்டோபர் கடைசி வெள்ளி. குளிர், போர்வை, காகிதக் கோப்பையில் ஹாட் சாக்லேட். பள்ளி பேண்டுக்கு ஒரு வழக்கம் உண்டு: இடைவேளையில் வாசித்து முடித்ததும் மூன்றாம் குவார்ட்டர் முழுக்க அவர்களுக்கு ஓய்வு, சாப்பிடப் போய்விடுவார்கள். போன வருடம் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் எனக்குக் கண் கட்டிய மாதிரி இருக்கும். அன்று எதிரணி தங்கள் முனையிலேயே மூன்று டவுனும் திணறி, நான்காவதில் பன்ட் உதைக்க எண்ட் ஸோனுக்குள் ஆளை நிறுத்தியது. ஸ்னாப் உயரமாகப் போனது. உதைக்க வேண்டியவர் எகிறினார், விரலில்கூடப் படவில்லை. பந்து உருண்டு பின் எல்லையைத் தாண்டியது.

ஒரு விநாடி யாரும் சத்தம் போடவில்லை. நான் எழுந்துவிட்டேன். நடுவர் கை தலைக்கு மேல் சேரும் முன்பே கைதட்ட ஆரம்பித்துவிட்டேன். பேண்டு வரிசை காலியாக இருந்தது.

நாச்சோஸ் தட்டோடு திரும்பி வந்த மகன் ஸ்கோர் பலகையைப் பார்த்தான். "அம்மா, ரெண்டு பாயின்ட் எப்படி ஏறிச்சு? பந்து இப்ப யாருக்கு?"

"நமக்குத்தான். அவங்களே உதைச்சுத் தரணும்" என்று சொல்லிவிட்டு, தலைக்கு மேல் கும்பிட்டுக் காட்டினேன்.