டைட்டானியம் வெள்ளை: பொடியைக் கூட்டாதீர்கள், பிரித்துவிடுங்கள்

"வெள்ளை போதவில்லை, இன்னும் கொஞ்சம் பொடி சேர்க்கலாமா?" ஓவிய வண்ணமோ சோப்போ முகப்பூச்சோ, டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைத் தொட்டவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. பொடி குறைவாக இருப்பது அபூர்வம். போட்ட பொடி பிரியாமல் கட்டி கட்டியாகக் கிடப்பதுதான் வழக்கம்.

இந்தப் பொடிக்குள் வெள்ளைச் சாயம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு துகளும் ஒளியை வளைத்துச் சிதறடிக்கிறது, அதுதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். துகளின் எண்ணுக்கும் அதைச் சூழ்ந்த ஊடகத்தின் எண்ணுக்கும் வித்தியாசம் எவ்வளவு பெரிதோ, மறைப்புத் திறன் அவ்வளவு கூடும். ஆளிவிதை எண்ணெய்க்கு அந்த எண் சுமார் 1.48. சுண்ணாம்புக்கல் பொடிக்கு 1.6, துத்தநாக வெள்ளைக்கு 2.0, ரூட்டைல் வகை டைட்டானியத்துக்கு 2.7. காய்ந்திருக்கும்போது பளீரென்று இருக்கிற சுண்ணாம்புப் பொடி எண்ணெயில் குழைத்ததும் காணாமல் போவது இதனால்தான்.

அடுத்தது துகளின் அளவு. நிறமித் தரப் பொடியை 0.2 முதல் 0.3 மைக்ரான் அளவில் தயாரிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி அது, சிதறல் உச்சத்தில் இருக்கும் அளவு. நூறு துகள்கள் ஒட்டிக்கொண்டால் அவை ஒரே பெரிய துகளாக நடந்துகொள்ளும், மறைப்பு சரியும். இன்னும் பொடி போட்டால் துகள்கள் நெருக்கியடித்து ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். நிறம் ஏறாது, பூச்சு மட்டும் தடிக்கும்.

வாங்கும்போது ரூட்டைலா அனடேஸா என்று கேளுங்கள், இரண்டும் இதே பொருளின் படிக வடிவங்கள். அனடேஸ் சற்று நீலம் கலந்த வெள்ளை, மறைப்பு குறைவு. புற ஊதா ஒளி பட்டால் அது பக்கத்திலிருக்கும் பிணைப்பானை, அதாவது பொடியைப் பிடித்து ஒட்டவைக்கும் எண்ணெய் போன்ற பொருளை, சிதைக்கும், சில காலத்தில் பூச்சு மாவு மாவாக உதிரும். ஓவியத்துக்கு, அலுமினாவோ சிலிக்காவோ பூசிய ரூட்டைல்தான் என் தேர்வு. வண்ணக் குழாயில் பி.டபிள்யூ. 6 என்றும், ஒப்பனைப் பொருளில் சி.ஐ. 77891 என்றும் இதன் எண் இருக்கும். ஓவியத்துக்கு விற்கிற பொடியைத் தோலில் பூச வேண்டாம். கன உலோகங்களுக்கான வரம்பு ஒப்பனைத் தரத்தில் தனி.

எண்ணெய் வண்ணம் அரைக்க 100 கிராம் பொடியைக் கண்ணாடிப் பலகையில் குவித்து, நடுவில் குழி பண்ணி, 15 கிராம் ஆளிவிதை எண்ணெய் விடுங்கள். பேலட் கத்தியால் அழுத்தி அழுத்திப் பிசையுங்கள். முதலில் உதிரியாக, எண்ணெயே போதாதது போலத் தெரியும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு எண்ணெயைக் கூட்டுகிறார்கள். விடாமல் அழுத்தினால் பொடி நனைந்து கெட்டியான விழுதாகும். தரத்தைப் பொறுத்து மொத்தம் 18 முதல் 25 கிராம் எண்ணெய் வரை இழுக்கும், மீதியைச் சொட்டுச் சொட்டாக மட்டும் சேருங்கள். விழுதை மூடி ஓர் இரவு வைத்தால் கட்டிகளுக்குள்ளும் எண்ணெய் இறங்கும். மறுநாள் நெல்லிக்காய் அளவு எடுத்து, அடி தட்டையான கண்ணாடிக் குழவியால் எட்டு வடிவில் தேய்த்து, வழித்து, மறுபடி தேய்க்க வேண்டும். மொத்தத்தையும் ஒரேயடியாகப் போட்டால் குழவி விழுதின் மேல் வழுக்கும், அரைக்காது. பலகை பளபளப்பாக இருந்தாலும் இதே கதிதான். கார்போரண்டம் என்ற உராய்வுப் பொடியும் தண்ணீரும் விட்டு முதலில் அதைச் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பதம் பார்க்க, துளி எடுத்துக் கண்ணாடியில் மெல்லியதாக இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். புள்ளிகள் தெரிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் பூச்சு சுருங்கும், மஞ்சளிக்கும். மிஞ்சிவிட்டால் விழுதை உறிஞ்சு தாளில் சில மணி நேரம் பரப்பி வையுங்கள்.

டைட்டானியம் எண்ணெயோடு வினைபுரியாது. ஆகவே காய மெதுவாகிறது, படலமும் மென்மையாகவே நிற்கிறது. கொஞ்சம் துத்தநாக வெள்ளை சேர்த்தால் இறுகும். ஆனால் துத்தநாகம் எண்ணெயோடு சேர்ந்து உருவாக்கும் சோப்பு காலப்போக்கில் படலத்தை நொறுங்க வைக்கும், அடுக்குகள் பிரியும். அடிப்பூச்சில் துத்தநாகம் கலப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

நீர்வண்ணத்தில் மட்டும் துத்தநாகத்துக்குத் தனி இடம் உண்டு. வின்சர் அண்ட் நியூட்டன் 1834-இல் கொண்டுவந்த சைனீஸ் ஒயிட் அதுதான். மற்ற நிறங்களோடு மென்மையாகக் கலக்கும். டைட்டானியமோ சிறிதளவிலேயே நிறத்தை வெளிறச் செய்து குளிர்ந்த தோற்றம் தந்துவிடும். கத்தி நுனியளவில் ஆரம்பியுங்கள்.

சோப்பில் 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி பொடி தாராளம். அதை நேராகக் கொட்டாமல், ஒரு மேசைக்கரண்டி திரவத்தில் தனியே குழைத்துச் சேர்க்க வேண்டும். மாவை மொத்தமாகத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். நீரில் பரவும் வகைக்குத் தண்ணீர், எண்ணெயில் பரவும் வகைக்கு எண்ணெய். மாற்றினால் வெள்ளைப் புள்ளிகள் நிச்சயம். அந்தத் தண்ணீரைக் காரக் கரைசலுக்கான அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். சோப்பு அறுத்ததும் கண்ணாடி போன்ற கோடுகள் ஓடினால், நீர் அதிகமாகி உள்ளே சூடும் ஏறியிருக்கிறது. அடுத்த முறை நீரைக் குறைத்து, ஆறிய நிலையில் கலந்து, அச்சைப் போர்த்தாமல் விடுங்கள்.

முகப்பூச்சில் இது அதிகமானால் மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் சாம்பல் படிந்தாற்போல் தெரியும், ஃபிளாஷ் போட்ட படத்தில் முகம் மட்டும் வெளுக்கும். இரும்பு ஆக்சைடு நிறமிகளோடு முதலிலேயே சேர்த்து அரைத்தால் ஓரளவு சரியாகும். கடைசியில் தூவிக் கிளறினால் திட்டுத் திட்டாக நிற்கும்.

வீட்டிலேயே சன்ஸ்கிரீன் செய்யும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதற்கு வேண்டிய துகள் இதைவிடப் பலமடங்கு நுண்ணியது, பரவலும் சீராக இருக்க வேண்டும். கட்டி விழுந்த இடத்தைச் சுற்றித் தோல் திறந்தே கிடக்கும், கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதால் பாதுகாப்பு இருப்பதாக நம்பி வெயிலில் நிற்போம். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். அளவை வீட்டில் சோதிக்க வழியில்லை.

தூசியையும் விளையாட்டாக எடுக்காதீர்கள். சுவாசிக்கும் டைட்டானியம் டைஆக்சைடு தூசியைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்திருக்கிறது. விழுதாகிவிட்டால் தூசி கிளம்பாது. எடைபோடும்போதும் கொட்டும்போதும்தான் ஆபத்து. துகள்களை வடிகட்டும் முகக்கவசம் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.