கணவருக்குத் தெரியாமல் ஒரு வீடு

1850-இல் ஆங்கில நாவலாசிரியை எலிசபெத் காஸ்கெல் தன் தோழிக்கு எழுதிய ஒரு கடிதம் எனக்கு அவருடைய பாதி நாவல்களைவிடப் பிடிக்கும். 'லிஸ்ஸி லீ' என்ற கதைக்கு டிக்கன்ஸின் பத்திரிகையிலிருந்து 20 பவுண்டு வந்திருக்கிறது. இவ்வளவு பணமா, நான் இவர்களை ஏமாற்றுகிறேனோ என்று அவர் திகைத்து நிற்க, கணவர் வில்லியம் அதை நிதானமாக எடுத்துப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டாராம். ஒரு காப்பகத்துக்குக் கொடுக்க அதில் கொஞ்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

வில்லியம் மோசமான ஆள் இல்லை. மான்செஸ்டரில் யூனிட்டேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையில் போதகர், நன்றாகப் படித்தவர். 1845-இல் ஒரு வயதுகூட நிறையாத மகனை ஸ்கார்லெட் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து மனைவி உடைந்துபோயிருந்தபோது, ஒரு நாவல் எழுதிப் பாரேன் என்று சொன்னவரே அவர்தான். ஆனால் அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மனைவி சம்பாதிப்பது கணவனுடைய பணம். அவள் சம்பாத்தியம் அவளுக்கே என்று சட்டம் வந்தது 1870-இல். அதற்குள் எலிசபெத் இறந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது.

வில்லியம் சொல்லி எழுதிய அந்த நாவல்தான் 'மேரி பார்ட்டன்'. 1848-இல் பெயர் போடாமல் வந்தது, 100 பவுண்டு கிடைத்தது. பசியில் வாடும் மில் தொழிலாளிகள் சீட்டுக் குலுக்கிப் போட்டு முதலாளியின் மகனைக் கொல்ல ஆள் தேர்ந்தெடுக்கும் கதை. இதில் வேடிக்கை என்னவென்றால், வில்லியமின் சபையில் ஞாயிறுதோறும் வந்து உட்காருகிறவர்களில் மில் முதலாளிகளும் உண்டு. கோபப்படாமல் இருப்பார்களா? சரி, இனி அடக்கி வாசிப்பார் என்று பார்த்தால், 1853-இல் மணமாகாமல் தாயான பெண்ணைக் கதாநாயகியாக்கி 'ரூத்' எழுதினார். சபைக்காரர்கள் இரண்டு பேர் புத்தகத்தைக் கொளுத்தியே விட்டார்கள். அட்டையில் 'திருமதி காஸ்கெல்' என்று பார்த்துவிட்டு யாரோ சாதுவான பாட்டி என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

எழுதிய இடமும் ஒன்றும் தனியறை இல்லை. மான்செஸ்டர் பிளிமத் குரோவில், வருடத்துக்கு 150 பவுண்டு வாடகை வீட்டில், சாப்பாட்டு அறை ஜன்னலோரம் ஒரு மேஜை. அந்த அறைக்கு மூன்று கதவுகள்; சமையல்காரி ஒரு பக்கம், நான்கு பெண் பிள்ளைகள் ஒரு பக்கம், விருந்தாளிகள் ஒரு பக்கம் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். இது போதாதென்று ஒரு பசுமாடு வேறு. இதற்கு நடுவில் உட்கார்ந்துதான் 'நார்த் அண்ட் சவுத்' எழுதினார். அது டிக்கன்ஸின் பத்திரிகையில் தொடராக வந்தது; வாராவாரம் இத்தனை பக்கத்துக்குள் முடி, சுருக்கு என்று அவர் நச்சரிக்க, இவர் வளைந்து கொடுக்கவில்லை. தலைப்புகூட டிக்கன்ஸின் விருப்பம்தான். கதையில் ஐந்து சாவு விழுகிறது, 'சாவும் அதன் வகைகளும்' என்று பெயர் வைத்திருக்கலாம் என்று எலிசபெத் அவருக்கே எழுதினார். நான் இவளுடைய கணவனாக இருந்தால் அடித்திருப்பேன் என்று டிக்கன்ஸ் தன் உதவி ஆசிரியரிடம் புலம்பியிருக்கிறார். ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்த மகா எழுத்தாளர்!

அப்புறம் எலிசபெத்தின் அண்ணன் ஜான். கப்பலில் வேலை பார்த்தவர், 1820-களின் கடைசியில் இந்தியாவுக்குக் கிளம்பிய பயணத்தில் காணாமல் போனார், என்ன ஆனார் என்றே தெரியவில்லை. 'கிரான்ஃபோர்ட்' நாவலில் பல வருடம் காணாமல் போயிருந்த தம்பி இந்தியாவிலிருந்து திரும்பி வந்து அக்காவின் கஷ்டத்தைத் தீர்க்கிற இடத்தை, இது தெரிந்த பிறகு என்னால் வெறும் திருப்பமாகப் படிக்க முடியவில்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1865-இல், 'வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்த சமயம், ஹாம்ப்ஷயரில் ஹோலிபோர்ன் என்ற கிராமத்தில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். விலை 2,600 பவுண்டு. எழுதிச் சம்பாதித்தது, பற்றாததற்குப் பதிப்பாளரிடம் கடன். மகள்களுக்குத் தெரியும், வில்லியமுக்கு மூச்சு விடவில்லை. ஓய்வு பெற்றதும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி அசத்த வேண்டும் என்று திட்டம். அன்பளிப்புதான், சந்தேகமில்லை. ஆனாலும் 20 பவுண்டைப் பையில் போட்டவருக்குத் தெரியாமல் 2,600 பவுண்டைப் புரட்டியதில் எலிசபெத்துக்கு ஒரு கள்ளச் சந்தோஷமும் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த வருடம் நவம்பர் 12, அதே வீட்டில் மகள்களோடு தேநீர் வேளையில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சு முடியும் முன்பே சரிந்து இறந்துபோனார். வயது 55. வில்லியம் அந்த வீட்டுக்குக் குடிபோகவில்லை. 1884-இல் இறக்கும்வரை பிளிமத் குரோவிலேயே இருந்துவிட்டார்.

'வைவ்ஸ் அண்ட் டாட்டர்ஸ்' கடைசி அத்தியாயம் இல்லாமல் நின்றுவிட்டது. கதை எங்கே போய் முடியும் என்று பத்திரிகை ஆசிரியர் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். முடியாத நாவலை யார் படிப்பது என்று தள்ளிவிடாதீர்கள். கதாநாயகி மாலி யாரைக் கல்யாணம் செய்துகொள்வாள் என்பது அதற்குள் நமக்கே தெரிந்துவிடும். அவர் எழுதியதில் சிறந்தது அதுதான். அவ்வளவு பெரிய புத்தகத்துக்கு இப்போது பொறுமை இல்லை என்றால் 'கிரான்ஃபோர்ட்' எடுங்கள், சின்னது, சிரிக்கலாம். 'ரூத்' மட்டும் கடைசிக்கு வையுங்கள், பாதிக்கு மேல் அழுகை கொஞ்சம் அதிகம்.