விளக்கா, பெற்றோரா?

உடல்நலச் செய்தி எதுவானாலும் நான் முதலில் கடைசிப் பத்தியைத்தான் படிப்பேன். "காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது" என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். தலைப்போ அதற்குள் தீர்ப்பே எழுதி முடித்திருக்கும். புள்ளியியல் பாடம் நடத்துகிறவள் என்பதால், இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஒட்டுறவை, அதாவது இரண்டு விஷயங்கள் சேர்ந்தே மாறுவதை, பற்றிய வகுப்பில் நான் எடுத்துக்கொள்ளும் ஆய்வு, 1999இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 479 குழந்தைகளின் பெற்றோரிடம், இரண்டு வயதுக்குள் பிள்ளை எப்படித் தூங்கியது என்று கேட்டார்கள். இருட்டில் தூங்கியவர்களில் 10 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை. இரவு விளக்கு எரிந்திருந்தால் 34 சதவீதம். அறை விளக்கே எரிந்திருந்தால் 55 சதவீதம்.

இந்த மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதி, செய்தித் தலைப்பு ஒன்று போடச் சொல்வேன். "விளக்கு குழந்தையின் கண்ணைக் கெடுக்கும்" என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். ஒருமுறை பின்வரிசை மாணவி ஒருத்தி மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, அம்மா கண்ணாடி போட்டிருந்தார்களா என்று கேட்டார்களா, மேடம்?" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மறு ஆண்டே அதே இதழில் வேறு இரண்டு குழுக்கள் எழுதியதும் அதைத்தான். அவர்களுடைய தரவில் விளக்குக்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பே தென்படவில்லை. தென்பட்டது வேறு: கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் குழந்தையின் அறையில் விளக்கை அதிகம் எரியவிடுகிறார்கள். பிள்ளைக்கு அந்தக் குறைபாடு பெற்றோர் வழியாகவே வந்திருக்கலாம். முதல் கட்டுரையும் காரணத்தை நிறுவிவிட்டதாகச் சொல்லவில்லை.

விளக்கை அணைத்ததால் யாருக்கும் கேடில்லை. மாத்திரை அப்படியல்ல. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று, யாருக்கும் எதையும் கொடுக்காமல் வெறுமனே கவனித்துப் பார்க்கும் கண்காணிப்பு ஆய்வுகள் பல ஆண்டுகள் காட்டின. 16,000க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி அமெரிக்காவில் சோதித்தபோது, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை எடுத்தவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் கூடுதலாக வந்தன. 2002இல் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முன்பு தாமாகவே ஹார்மோன் எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர்கள், உடல்நலத்தில் அக்கறை கொண்டவர்கள்; அவர்களுக்கு இதய நோய் குறைந்ததற்கு மாத்திரையல்ல, அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

பழியை நிருபர் தலையில் மட்டும் போடுவது நியாயமல்ல. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை அலசிய ஆய்வு ஒன்று 2014இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒட்டுறவைக் காரணமாக ஊதிப் பெருக்கிய குறிப்புகள் மூன்றில் ஒன்று. குறிப்பு பெருக்கியிருந்தால், அதைத் தழுவிய செய்திகளில் 81 சதவீதமும் பெருக்கின. குறிப்பு அடக்கமாக இருந்தபோது அது 18 சதவீதம்தான். ஊதல் பெரும்பாலும் பல்கலைக்கழக வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒட்டுறவுதானே" என்று எல்லா ஆய்வையும் தள்ளிவிடும் மாணவர்களும் உண்டு. அவர்களோடும் எனக்குச் சண்டைதான். யாரையும் புகைபிடிக்கச் சொல்லிச் சோதிக்க முடியாது. ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பின்தொடர்ந்துதான் பார்த்தார்கள். சிகரெட் எண்ணிக்கை கூடக்கூட நுரையீரல் புற்றுநோய்ச் சாவு கூடியது. விட்டவர்களுக்கு அந்த ஆபத்து குறைந்தது. வேறு எந்த விளக்கமும் இவை எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்தவில்லை.