சிசிஎன்ஏ தேர்வுக்கு எதை வாங்குவது, எதை ஒதுக்குவது

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் டெக்னீஷியனாக இருந்துகொண்டே நெட்வொர்க் பிரிவுக்கு மாற நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணா, சிசிஎன்ஏவுக்கு எந்தப் புத்தகம் நல்லது?” என்பதைத்தான். சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ நிறுவனம் வழங்கும் நெட்வொர்க் துறைச் சான்றிதழ். அவர்களிடம் நான் முதலில் எடுக்கச் சொல்வது, சிஸ்கோ தன் இணையத்தளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கும் தேர்வுத் தலைப்புப் பட்டியலை. சில பக்கங்களே கொண்ட அந்தப் பட்டியலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கடையில் இருக்கும் புத்தகங்களிலும் இணையத்தில் விற்கப்படும் வகுப்புகளிலும் பாதி தாமாகவே கழிந்துவிடும்.

200-301 என்ற எண் கொண்ட இத்தேர்வின் பாடப்பகுதிகள் ஆறு. ஐபி இணைப்புக்கு 25 விழுக்காடு, நெட்வொர்க் அடிப்படைகளுக்கும் நெட்வொர்க் அணுகலுக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, ஐபி சேவைகளுக்கும் ஆட்டோமேஷனுக்கும் தலா 10 என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். இந்த விழுக்காடுகளைப் பலரும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தலைப்பின் முன்னாலும் நிற்கும் வினைச்சொல்லைப் பார்ப்பவர்கள் குறைவு. ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப் (ரௌட்டர்கள் வழிகளைத் தமக்குள் பகிரும் நெறிமுறை) என்ற தலைப்புக்கு முன் ‘கான்ஃபிகர் செய்து சரிபார்க்க’ என்று இருக்கிறது. எஃப்எச்ஆர்பி (ஒரு ரௌட்டர் பழுதானால் மற்றொன்று அதன் இடத்தை ஏற்க உதவும் நெறிமுறைகள்) என்ற தலைப்புக்கு முன் ‘விவரிக்க’ என்று மட்டுமே இருக்கிறது. முன்னதற்குக் கட்டளைகள் விரல்நுனியில் இருக்க வேண்டும், பின்னதற்கு அது எதற்காக, எப்படி இயங்குகிறது என்று தெளிவாகத் தெரிந்தால் போதும். எஃப்எச்ஆர்பி வகைகளுள் ஒன்றான எச்எஸ்ஆர்பியின் கட்டளைகளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, கான்ஃபிகர் செய்யத் தெரிந்திருக்க வேண்டிய நேட்டை (ஐபி முகவரி மாற்றத்தை) இருபது நிமிடத்தில் முடிக்கும் வகுப்பு எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், இந்தத் தேர்வை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டது அன்று என்று கொள்ளலாம்.

அடுத்து, பதிப்பு. 200-301 நடைமுறைக்கு வந்தது 2020 பிப்ரவரியில், அதன் 1.1 திருத்தம் 2024 ஆகஸ்டில் வந்தது. சுவிட்சுகளுக்கிடையே தகவல் சுழன்றுகொண்டே இருக்காமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயில் ரூட் கார்டு, லூப் கார்டு போன்றவையும், ஆட்டோமேஷனில் டெராஃபார்ம் என்ற கருவியும், நெட்வொர்க் நிர்வாகத்தில் செயற்கை நுண்ணறிவின் பங்கும் அதில்தான் சேர்ந்தன. பப்பெட், செஃப் என்ற ஆட்டோமேஷன் கருவிகள் இரண்டும் போய்விட்டன. சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளிலோ நண்பர்களின் அலமாரியிலோ கிடைக்கும் தடித்த நூல்களில், அட்டையில் 200-125 என்று இருந்தால், அது முந்தைய தேர்வுக்கு உரியது. அதிலுள்ள ஆர்ஐபி, இஐஜிஆர்பி என்ற ரௌட்டிங் நெறிமுறைகளின் கான்ஃபிகரேஷன் பாடங்கள் இப்போது தேவையில்லை. ஆனாலும் சப்நெட்டிங் (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது), ஏஆர்பி, டிசிபி, விலான் (ஒரே சுவிட்சில் தனித்தனி நெட்வொர்க்குகளை அமைப்பது) பற்றிய அத்தியாயங்கள் இன்றும் செல்லுபடியாகும் என்பதால், சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தால் அடிப்படைக்காக வாங்கி வைப்பதில் தவறில்லை. அதையே முதன்மை நூலாக்கிக்கொள்ளக் கூடாது.

முதன்மை நூல் அல்லது முதன்மை வகுப்பு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அதைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் வழி, கடினமான தலைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, பரிசீலனையில் உள்ள எல்லாவற்றிலும் அந்த ஒரு தலைப்பை மட்டும் படித்துப் பார்ப்பது. நான் இதற்குப் பயன்படுத்துவது ஓஎஸ்பிஎஃப் நெய்பர் உறவு, அதாவது பக்கத்து ரௌட்டர்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் முறை. இரண்டு ரௌட்டர்களின் ஹலோ, டெட் நேரங்கள் (ஹலோ செய்தி அனுப்பும் இடைவெளியும், அது வராவிட்டால் உறவைக் கைவிடும் கெடுவும்) பொருந்தவில்லை என்றால் ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்’ கட்டளையில் எதிர்ப்பக்க ரௌட்டர் தென்படவே தென்படாது. ஏரியா எண் வேறாக இருந்தாலும் அப்படித்தான். எம்டியு (ஒரு பாக்கெட்டுக்கான உச்ச அளவு) பொருந்தவில்லை என்றாலோ நெய்பர் தென்படும், ஆனால் எக்ஸ்ஸ்டார்ட் அல்லது எக்ஸ்சேஞ்ச் என்ற இடைநிலையிலேயே நின்றுவிடும், உறவு முழுமையாகும் ஃபுல் நிலைக்குப் போகாது. இந்த வேறுபாட்டையும் அது ஏன் நிகழ்கிறது என்பதையும் சொல்லும் நூல், மற்றத் தலைப்புகளிலும் பெரும்பாலும் ஏமாற்றாது. ‘எல்லாம் பொருந்த வேண்டும்’ என்று ஒரு பட்டியலைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவும் நூல், நன்கு தெரிந்தவர் திருப்பிப் பார்ப்பதற்கு உதவலாம், புதிதாகப் படிப்பவருக்கு உதவாது. அதிகாரபூர்வ வழிகாட்டி நூல் இரண்டு தொகுதிகளாக வருகிறது. நிதானமாகப் படிக்கக்கூடியவர்களுக்கு அது பொருந்தும். ஷிஃப்ட் முடிந்து வந்து பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் தூங்கிவிடுகிறவர்கள் காணொளி வகுப்பை முதன்மையாக வைத்துக்கொண்டு, நூலை ஐயம் தீர்க்க மட்டும் எடுத்தால் போதும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் எஸ்பிஎம் (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) வரையிலும் அதற்குப் பின் பாலிடெக்னிக்கிலும் மலாய் மொழியில் படித்துவிட்டு, வேலையிடத்தில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் யூடியூபில் தரும் தமிழ் விளக்கங்கள், குறிப்பாக சப்நெட்டிங் கணக்குகளுக்கு, மிகவும் கைகொடுக்கின்றன. 192.168.10.70/26 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று கேட்டால், 64 அளவிலான கட்டங்களாகப் பிரித்து, 192.168.10.64 நெட்வொர்க் முகவரி, 127 பிராட்காஸ்ட் முகவரி, இடையிலுள்ள 62 முகவரிகளே கருவிகளுக்கு உரியவை என்று தாய்மொழியில் ஒருவர் போட்டுக் காட்டினால் அது மனத்தில் நிற்கிறது. எனினும் நாம் எழுதுவது ஆங்கிலத் தேர்வு என்பதால், தமிழில் புரிந்துகொண்ட அதே நாளில் அதே தலைப்பை ஆங்கிலத்தில் ஒருமுறை படித்து, ஆங்கிலக் கேள்விகள் சிலவற்றுக்கு விடையளித்துவிடுவது நல்லது.

பயிற்சிக் கூடத்துக்காகப் பழைய சுவிட்சுகளையும் ரௌட்டர்களையும் வாங்கி அறையில் அடுக்க வேண்டிய அவசியம் இல்லை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசக் கணக்குத் தொடங்கினால் கிடைக்கும் பாக்கெட் ட்ரேசர் என்ற சிமுலேட்டர் இந்தத் தேர்வுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் லேப் பயிற்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ‘இந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்க, பிறகு இதை’ என்று வரிசையாகச் சொல்லும் பயிற்சிகள் தட்டச்சு வேகத்தைத்தான் வளர்க்கும். பல விலான்களைச் சுமக்கும் ட்ரங்க் இணைப்பில் ஒரு விலான் விடுபட்டதாகவோ, எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஏசிஎல் விதிகள் முறை மாறியதாகவோ பழுதோடு ஒரு கோப்பைக் கொடுத்து, காரணத்தை நம்மையே கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சிகளைத் தேடி எடுங்கள். அப்படிக் கிடைக்கவில்லை என்றால், உடன் படிக்கும் நண்பர்கள் ஒருவருக்கொருவர் லேப்பைக் கெடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம்; அதில் வரும் போட்டியே நன்றாகப் படிக்க வைக்கும்.

மாதிரிக் கேள்விகளை வாங்கும்போது, சரியான விடைக்கு மட்டும் விளக்கம் இருக்கிறதா, மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். இத்தேர்வில் ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது, இருப்பதோ 120 நிமிடம். ஆகவே தவறானவற்றைக் கழிக்கத் தெரிவது பெரிய பலம். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ‘உண்மைக் கேள்விகள்’ என்று சுற்றும் டம்ப் கோப்புகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் விடைகள் பல தவறாக இருப்பது ஒருபுறமிருக்க, தேர்வுக்கு முன் நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளின்படி அது முறைகேடு. தெரியவந்தால் சான்றிதழே ரத்தாகும்.

தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர்; ரிங்கிட்டில் அது எவ்வளவு ஆகும் என்பதை அன்றைய மாற்று விகிதம் முடிவு செய்யும். அதனால் படிப்புப் பொருள்களுக்கான செலவை இயன்றவரை குறைத்து, கட்டணத்துக்கான பணத்தை முதலிலேயே தனியே எடுத்து வைத்துவிடச் சொல்வேன். வருமான வரிக் கணக்கில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட் வரை உண்டு, அதில் புத்தகங்களும் அடங்கும். வரி கட்டுகிறவர்கள் புத்தகக் கடை ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.